திரையில் என்ன காட்டுவது?

"எல்லாமே நல்லா இருக்கு மேடம். அதுதான் என் பிரச்சினை."

புகழேந்தி மடிக்கணினியைத் திறந்து, மென்பொருள் கருவிகளை ஒப்பிட்டுப் போட்ட பட்டியலை ஷாஜிதாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஷாஜிதா அதைப் பார்க்கவில்லை. புகழேந்தியின் காலைப் பார்த்தார்.

"செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க சார்."

புகழேந்தி போய் விட்டுவிட்டு வந்தார்.

திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடி அறை அது. அங்கே உட்கார்ந்துதான் ஷாஜிதா ஒரு மென்பொருளை எழுதிப் பராமரித்து வந்தார். தனித்தனியாக ஓடும் நிரல்களுக்கு நடுவே செய்தி கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அப்படிப் பயன்படுத்தியவர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவரிடம் சந்தேகம் கேட்க வருவார்கள்.

சிலர் தெளிந்து போவார்கள். பலர் கோபித்துக்கொண்டு போவார்கள்.

புகழேந்தி ஷாஜிதாவைவிட வயதில் மூத்தவர். கோயம்புத்தூரில், ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். சின்னவரிடம் கற்றுக்கொள்ள வந்ததில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததுதான் எரிச்சல்.

"என்ன வேலைக்கு சார் இதெல்லாம்?" ஷாஜிதா கேட்டார்.

"எங்க மென்பொருள் மொத்தமும் ஒரே உருண்டை மேடம். ரத்தம் கொடுக்கறவங்க பதிவு, வங்கியில என்ன இருப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற கோரிக்கை, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஒரு மூலையில அடைச்சா எல்லாமே நின்னுடுது. அதைச் சின்னச் சின்னச் சேவைகளா உடைச்சு, கிளவுட்ல தனித்தனியா ஓட்டி, ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கணும்."

"உடைங்க."

"எதை வச்சு? அதைக் கேட்கத்தானே வந்திருக்கேன்!"

புகழேந்தி தொடர்ந்தார்.

"சேவைகளை ஓட்டி மேய்க்கறதுக்குக் குபர்நெட்டீஸ். அது முடிவாயிடுச்சு. பேச வைக்கறதுலதான் சிக்கல். ராபிட்எம்க்யூன்னா செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கும், வாங்கிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா மறந்துடும். காஃப்கான்னா வந்ததை எல்லாம் எழுதி வச்சுக்கும், வேணும்னா பின்னாடி திரும்பப் படிச்சுக்கலாம். ஒண்ணு லேசு. இன்னொண்ணுக்குத் தாங்கற சக்தி அதிகம். ராத்திரி படுக்கும்போது ஒண்ணுன்னு முடிவு பண்றேன். பல் தேய்க்கும்போது இன்னொண்ணுன்னு தோணுது. உங்களோடதையும் பட்டியல்ல சேர்த்திருக்கேன். நாலாவது இடம்."

"நாலாவதா? பரவாயில்லையே."

"மேடம், விளையாடாதீங்க."

"சரி. உருண்டையை உடைக்கணும்னு எப்ப தோணுச்சு?"

புகழேந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்லூரியில் ரத்ததான முகாம். மாணவர்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்ய, மென்பொருள் திணறிப்போனது. அதே நேரம் வத்தலக்குண்டு பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் முத்துப்பேச்சி என்ற பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று நர்ஸ் திரையில் தேடினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வேடசந்தூரில் இரண்டு பாக்கெட் இருப்பதாகக் காட்டியது.

"அது காலைக் கணக்கு மேடம். எப்பவோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இருப்புப் பகுதி பதில் சொல்லாததால, கடைசியாத் தெரிஞ்ச எண்ணையே காட்டிடுச்சு. அந்தப் பொண்ணோட புருஷன் பைக்கை எடுத்துக்கிட்டு வேடசந்தூர் போயி, இல்லைன்னு கேட்டுத் திரும்பியிருக்கார். இந்தப் பக்கம் நிலக்கோட்டையில இருந்திருக்கு. பக்கத்துலயே."

"அந்தப் பொண்ணு?"

"பிழைச்சுட்டாங்க." புகழேந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு."

கீழே சாலையில் யாரோ கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். "கிளட்ச்! கிளட்ச்சை மிதிம்மா!" என்று ஒரு குரல் கத்தியது. வண்டி குலுங்கி நின்றது.

ஷாஜிதா கேட்டார்: "உடைச்சாச்சுன்னு வச்சுக்குவோம். இருப்புச் சேவை தனி. கோரிக்கைச் சேவை தனி. இப்ப இருப்புச் சேவை செத்துப்போச்சு. அப்புறம்?"

புகழேந்திக்கு முகம் மலர்ந்தது. இதற்கு அவரிடம் பதில் இருந்தது.

"குபர்நெட்டீஸ் அதைத் திரும்ப எழுப்பி விடும்."

"எழும்பற வரைக்கும்?"

"கோரிக்கைச் சேவை திரும்பத் திரும்பக் கேட்கும்."

"கேட்டும் பதில் வரலை."

"ஒரு கட்டத்துல கேட்கறதை நிறுத்திடும். அதுக்கும் டூல் இருக்கு. நல்ல டூல்."

"நிறுத்திட்டு?"

"பதில் வரலைன்னு கோரிக்கைச் சேவைக்குச் சொல்லும்."

"அது என்ன பண்ணும்?"

"அது... திரையில ஏதாவது காட்டும்."

"என்ன காட்டும்?"

"மேடம், அது சின்ன விஷயம். அந்தக் குழு பார்த்துக்கும். நான் கேட்டது டூலைப் பத்தி."

ஷாஜிதா கையை நீட்டி, மடிக்கணினியை மெல்ல மூடினார்.

"கேட்டுட்டு வாங்க."

"எதை?"

"என்ன காட்டும்னு."

புகழேந்தி படியிறங்கும்போது செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, கீழே வந்த பிறகுதான் கவனித்தார்.

*

கோயம்புத்தூர் அலுவலகத்தில் இருப்புப் பகுதியைக் கவனித்தவள் தரணி. கோரிக்கைப் பகுதியைக் கவனித்தவன் மேக்ஸ்வின். இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. பேசிக்கொள்வது குறைவு.

புகழேந்தி இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்க பக்கம் சாகாது சார்," என்றாள் தரணி.

"செத்தா?"

"சாகாத மாதிரிதானே சார் எழுதப்போறோம்?"

"தரணி, எல்லாம் ஒருநாள் சாகும். செத்தா, மேக்ஸ்வின் என்ன காட்டணும்?"

"பூஜ்யம் காட்டட்டும். இல்லைன்னு தெரிஞ்சா வேற இடம் பார்த்துக்குவாங்க."

மேக்ஸ்வின் நாற்காலியைத் திருப்பினான். "நல்லா இருக்கே! ரத்தம் ஃப்ரிட்ஜ்ல இருக்கும். நான் பூஜ்யம்னு காட்டுவேன். ஆளு எதிர்ப்பக்கம் இருக்கிற வங்கியை விட்டுட்டு மதுரைக்கு ஓடுவான். திட்டு யாருக்கு? எனக்கு."

"அப்ப நீ என்ன சொல்றே?" என்றார் புகழேந்தி.

"கடைசியா வந்த எண்ணைக் காட்டலாம். பெரும்பாலும் அது சரியாத்தான் இருக்கும்."

"அன்னைக்கும் அதைத்தானே காட்டுச்சு?" என்றாள் தரணி.

மேக்ஸ்வின் நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்ப பூஜ்யம்," என்றார் புகழேந்தி.

"சார், இருக்கிறதை இல்லைன்னு சொல்றதும் பொய்தான்," என்றான் மேக்ஸ்வின்.

"அப்ப பழைய எண்."

"சார்!" என்றாள் தரணி.

"பூஜ்யம்கிறீங்க, வேண்டாம்கிறீங்க! பழசுங்கிறீங்க, வேண்டாம்கிறீங்க! ரெண்டே வழிதான் இருக்கு, ரெண்டுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா நான் எங்கே போறது?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. புகழேந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல்ல டூல் முடிவாகட்டும். இதை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் தன் இடத்துக்குப் போய் ஒப்பீட்டைத் திறந்தார். வேகம், நினைவகம், பாதுகாப்பு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள். புதிதாக ஒரு கருவியின் பெயர் கண்ணில் பட்டது. அதையும் சேர்த்தார். மனசு அடங்கியது.

அங்கே யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

அன்று மாலை மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த வாரம் அதே கல்லூரியில் மறுபடியும் முகாம். போன தடவையைவிடப் பெரிது.

"முகாம் பதிவை மட்டுமாவது அதுக்குள்ள தனியாப் பிரிச்சுடுங்க. டூல் எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா புகழேந்தி?"

"கிட்டத்தட்ட சார்."

"கிட்டத்தட்டன்னா?"

"வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

*

வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் திண்டுக்கல் படியேறினார். இந்தத் தடவை செருப்பை வாசலிலேயே விட்டார்.

"மேடம், எனக்கு இன்னைக்கு நேரமில்லை. முன்னாடியே சொல்லிடறேன். மதுரையில சேதுபதின்னு ஒருத்தர் இருக்கார். பெரிய நிறுவனத்துல இந்த ரெண்டு டூலையும் வருஷக்கணக்கா ஓட்டினவர். மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். சாயங்காலம் சிங்கப்பூர் ஃப்ளைட். குடும்பத்தோட போறார். போனா இப்போதைக்கு அவரைப் பிடிக்க முடியாது."

"சரி."

"ஆனா உங்க பதில் வந்துடுச்சுன்னா நான் அவரைப் பார்க்கவே வேண்டாம். உங்க வார்த்தையே போதும். ஒரே ஒரு கேள்வி. எங்க வேலைக்கு இதுல எது சரிப்பட்டு வரும்?"

ஷாஜிதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இதோ, பார்த்துச் சொல்றேன்."

புகழேந்தி மடிக்கணினியை அவர் கைக்கு எட்டும்படி வைத்தார். முதல் தடவையாக ஷாஜிதா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். புகழேந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாள் உழைத்ததை ஒருவர் கடைசியில் படிக்கிறார்.

அவர் காத்திருந்தார்.

ஷாஜிதா படித்து முடித்தார். மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மேடம்?"

"இதோ சார்."

வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து தரைக்கு வந்தது. கீழே டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சாப்பிடப் போனார்கள். சத்தம் அடங்கியது.

"மேடம், காஃப்காவா, ராபிட்டா? ஒரு வார்த்தை போதும்."

ஷாஜிதா ஆள்காட்டி விரலைத் தூக்கினார். ஒரு நிமிஷம் என்பதுபோல.

ஒரு நிமிஷம் போனது. இன்னும் பல நிமிஷங்கள் போயின. விரல் எப்போதோ இறங்கிவிட்டது. ஆனால் அவர் ஏதோ தட்டுவதும், நிறுத்தி யோசிப்பதும், தலையை ஆட்டிக்கொள்வதுமாக இருந்தார். பதில் வந்துவிடும் போலவே இருந்தது.

புகழேந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது கிளம்பினால் மதுரைக்கு நேரத்துக்குப் போய்விடலாம்.

எழுந்தார்.

"சேதுபதி காத்திருப்பார் மேடம். நான் கிளம்பட்டுமா? உங்களுக்கு இன்னும் நேரமாகுமா?"

"இதோ, சொல்லிடறேன் சார்."

உட்கார்ந்தார்.

சேதுபதிக்கு போன் செய்தார். "சார், கொஞ்சம் லேட்டாகும்." சேதுபதி நல்ல மனிதர். "வீட்லதான் இருக்கேன். நாலரைக்குள்ள வந்துடுங்க, அதுக்கு மேல கிளம்பணும்," என்றார். அவர் பின்னால் யாரோ பெட்டியின் எடையைச் சொல்வது போனில் கேட்டது.

புகழேந்தி அறைக்குள் நடந்தார். அலமாரியில் இருந்த பழைய விசைப்பலகைகளைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் கேட்டார்.

"மேடம், ரெண்டும் சரியில்லைன்னாக்கூடச் சொல்லுங்க. உங்களோடதுதான் நல்லதுன்னு சொன்னாக்கூட ஒத்துக்கறேன்."

"பார்க்கறேன் சார்."

"எதைப் பார்க்கறீங்க?"

பதில் இல்லை. விசைகள் தட்டும் சத்தம் மட்டும்.

அவர் போக நினைத்தார். போகிற நேரத்தில் பதில் வந்துவிட்டால்? இவ்வளவு நேரம் உட்கார்ந்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம். இவர் சொல்லிவிட்டால் மதுரைக்கு ஓடுகிற வேலையே மிச்சம். இப்படி யோசித்தபடியே அவர் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கீழே வண்டிகள் மறுபடியும் கிளம்பின. சாயங்கால வகுப்பு.

அவர் கைப்பேசி ஒலித்தது. சேதுபதியின் குறுஞ்செய்தி. கிளம்பிவிட்டாராம். காத்திருந்து பார்த்தாராம். மன்னிக்கச் சொல்லியிருந்தார்.

புகழேந்தி அதைப் படித்துவிட்டு, அப்படியே நின்றார்.

"போயிட்டார்," என்றார்.

ஷாஜிதா நிமிர்ந்து பார்த்தார்.

"சேதுபதி போயிட்டார் மேடம். திங்கட்கிழமை முகாம். மேலதிகாரி என் தலையில உட்கார்ந்திருக்கார். இனி எனக்கு நீங்க மட்டும்தான். தயவுசெஞ்சு, இப்பவாவது சொல்லுங்க. எது சரிப்பட்டு வரும்?"

ஷாஜிதா நாற்காலியை முழுக்க அவர் பக்கம் திருப்பினார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியாது சார்."

"என்னது?"

"எனக்குத் தெரியாது."

புகழேந்திக்குக் காது சூடாகிவிட்டது.

"தெரியாதா?"

"தெரியாது."

"இவ்வளவு நேரம் பார்த்தீங்களே?"

"பார்த்தேன். தெரியலை."

"எப்பவாவது தெரிஞ்சுதா? இடையில ஏதாவது?"

"இல்லை. நீங்க கேட்டப்பவே தெரியலை."

புகழேந்தி மேசையில் அறைந்தார். விசைப்பலகை துள்ளியது.

"இதை மத்தியானமே சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? தெரியாதுன்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே மதுரைக்குப் போயிருப்பேன்! அவர்கிட்டக் கேட்டிருப்பேன்! நீங்க இதோ, இதோன்னு சொன்னதாலதானே நான் இங்கேயே உட்கார்ந்திருந்தேன்! தப்பா ஒரு பதில் சொன்னாக்கூட எதையாவது நம்பிப் போய்த் தொலைஞ்சிருப்பேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தா வேற கதவைத் தட்டியிருப்பேன். ரெண்டும் இல்லாம, சும்மா சுத்திக்கிட்டு, சுத்திக்கிட்டு..."

அவர் குரல் நின்றது.

கை மட்டும் காற்றில் வட்டம் போட்டபடி நின்றிருந்தது.

ஷாஜிதா திரையின் பக்கம் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் குறும்பு இல்லை. அவரும் களைத்துப் போயிருந்தார்.

புகழேந்தி கையை இறக்கினார். நாற்காலியின் விளிம்பைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வியர்வை கழுத்தில் இறங்கியது.

பிறகு கைப்பேசியை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

மேக்ஸ்வின் எடுத்தான். "சொல்லுங்க சார். எந்த டூல்? இங்க எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்கோம்."

"தரணி பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா சார்."

"ஸ்பீக்கர்ல போடு."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தரணியின் குரல் வந்தது. "சொல்லுங்க சார்."

"இருப்புச் சேவை பதில் சொல்லலைன்னா திரையில என்ன காட்டணும்னு அன்னைக்கு அடிச்சுக்கிட்டீங்களே."

"பூஜ்யம்தான் சார் சரி," என்றாள் தரணி.

"பழைய எண்ணுதான் சார்," என்றான் மேக்ஸ்வின்.

"ரெண்டும் வேண்டாம்," என்றார் புகழேந்தி. "சுத்த விடாம, உடனே 'தெரியாது'ன்னு காட்டுங்க."